புளி போட்ட மணிக்கூடு

பிள்ளையள், போன வருடம் எனக்குப் பிரியாவிடைச் சாப்பாடு தந்த அன்று லெச்சுமி எழும்பி நின்று ஒரு கதை சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? நோத்தாயோவின் காரில் அவள் மணிக்கூட்டைக் கெடுத்தது, நான் அந்தப் பழியை என் தலையில் போட்டுக்கொண்டது, அதனால் அவளுக்கு வேலைக் கடிதம் கிடைத்து மகள் இங்கே வந்து சேர்ந்தது. நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். ஒரு பிள்ளை கண்ணைக்கூடத் துடைத்தது. நான் தலையைக் குனிந்தபடி பாஸ்தாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அந்தக் கதையில் அரைவாசிதான் உண்மை. மிச்ச அரைவாசி இவ்வளவு காலமும் என் வயிற்றுக்குள் கிடந்தது. புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அன்ரி என்று நீங்கள் கேட்டபடியால் அதையே எழுதுகிறேன். தோலை எப்படி இழுப்பது, பலகைக்கு எப்படி மெருகேற்றுவது என்பதெல்லாம் வேலைமேசையில் நின்றால் தன்பாட்டில் வந்துவிடும். பக்கத்து மேசையில் நிற்கிறவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் என்ன செய்வது என்பதை மேசை சொல்லித் தராது. எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காருக்கு உள்வேலை செய்கிற எங்கள் பட்டறை அப்போதும் இதே இடத்தில்தான், பலெர்மோவின் வியா மக்வேதா வீதியிலிருந்து கபோ சந்தைக்குப் போகிற ஒழுங்கையில். மீன்காரன் கத்துகிற சத்தமும் எங்கள் சுத்தியல் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். முதலாளியை எல்லாரும் மாஸ்த்ரோ என்றுதான் கூப்பிடுவோம். முழங்கால் வருத்தத்தோடு முனகிக்கொண்டு காருக்குள் ஏறுவார், பாட்டுப் படித்துக்கொண்டு இறங்குவார். நான் மன்னாரிலிருந்து வந்து முதலில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். கோயிலில் பீடத் துணிகள் தைத்ததைப் பார்த்த பாதிரியார்தான் என்னை மாஸ்த்ரோவிடம் அனுப்பினார்.

எங்களிடம் வந்த கார்களை நீங்கள் இப்போது கண்காட்சிகளில்தான் பார்க்கிறீர்கள். அப்போது அவை பலெர்மோ வீதிகளில் ஓடின. டாக்டர்மார், வக்கீல்மார், அவர்களுடைய அப்பாமார் வாங்கி வைத்த கார்கள். வெளியே பார்த்தால் சாதாரண பெட்டி மாதிரி இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வரவேற்பறை. மெத்தென்ற தோல், வால்நட் மரப் பலகை, வெல்வெட் மாதிரி சுவேட் தோலால் மூடிய கூரை. எல்லாவற்றுக்கும் நடுவில், ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சரிசமமான தூரத்தில், வாதுமைப் பருப்பின் வடிவத்தில் ஒரு மணிக்கூடு. அதைச் சுற்றி தங்க விளிம்பு.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து காரைச் சொந்தக்காரரிடம் கொடுக்கும்போது மணிக்கூட்டைக் கடைசியாகத்தான் பூட்டுவோம். பூட்டி, அவர் முன்னாலேயே நேரத்துக்கு வைப்போம். வைப்பவர் யாரோ அவர்தான் அந்த உள்வேலைக்குப் பொறுப்பு. சொந்தக்காரர் முதலில் கைகொடுப்பது அவருக்குத்தான், மாஸ்த்ரோவுக்குக்கூடப் பிறகுதான். மூன்று வருடம் தோல் அடித்த பிறகு ஒரு நாள் மாஸ்த்ரோ மணிக்கூட்டை என் கையில் வைத்து, "இண்டைக்கு நீ வை" என்றார். அவர் சொன்னது இத்தாலியனில், நான் எழுதுவது எங்கள் தமிழில். ஒரு டாக்டர் எனக்குக் கைகொடுத்தார். வேறொரு டாக்டருடைய குளியலறை கழுவின கை என்னுடையது. அந்த ஞாயிறு பூசைக்கு வந்த ஒரு பெண்ணும் இந்தச் செய்தி கேளாமல் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு லெச்சுமி வந்தாள்.

மொரீசியஸ்காரி. பேரும் பொட்டும் தமிழ், வாயைத் திறந்தால் கிரியோலும் பிரெஞ்சும். மாஸ்த்ரோவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு கிழிந்த கதிரையை அவள் தைத்த விதத்தைப் பார்த்து மாஸ்த்ரோவின் மனைவி, "இவளை ஏன் வீட்டில் வைத்துக் கழுவ விடுகிறீர்" என்று கேட்டாராம். திங்கட்கிழமை காலையில் ஒரு சின்னப் பையோடு பட்டறை வாசலில் நின்றாள். என்னைப் பார்த்துக் கைகூப்பி "வணக்கம் அக்கா" என்றாள். அப்போது அவளுக்குத் தெரிந்த தமிழில் முக்கால்வாசி அதுதான். மிச்சமெல்லாம் நாங்கள் இத்தாலியனில்தான் கதைத்தோம்.

முதல் நாள் எனக்கு இரக்கமாக இருந்தது. இரண்டாம் நாள் அவள் தைத்த தையலைப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் கோப்பி குடிக்கப் போனதும் நான் அவளுடைய இருக்கைக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டக் குனிந்து தையலை எண்ணுவேன். ஒரு விரலகலத்துக்கு எனக்கு ஐந்து விழுந்தால் அவளுக்கு ஆறு. அதுவும் வளைவில்கூட ஆறு. வளைவில் எனக்கு நான்கு. அவள் தோலைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்வாள். நான் இழுத்துப் பார்த்துத்தான் சொல்வேன். மாஸ்த்ரோ ஒருநாள் அவள் வேலையைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் தலையாட்டிக்கொண்டு போனார். எனக்கு அவர் எத்தனையோ தடவை "நல்லது" என்று சொல்லியிருக்கிறார். ஒருநாளும் அப்படித் தலையாட்டியதில்லை.

போதாக்குறைக்கு மணிக்கூடு. வயது போன கார்களில் அவை நின்றுவிடும். திருத்துவதற்குத் தூரத்தில் ஒருவரிடம் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். இவள் தன் புருவம் பிடுங்குகிற சிமிட்டாவை எடுத்து வந்து, செத்துப்போன ஒரு மணிக்கூட்டைத் திறந்து, எதையோ தள்ளி, எதையோ ஊதி, மூடிவிட்டாள். ஓடத் தொடங்கிவிட்டது. மாஸ்த்ரோ பாட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். நான் நூல் எடுக்கிற சாட்டில் பின்னறைக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

மத்தியானத்தில் அவள் மாங்காய் அச்சாறு கொண்டுவருவாள். எனக்கும் நீட்டுவாள். "வயிறு சரியில்லை" என்று சொல்லுவேன். ஒருநாள் அவள் போன பிறகு மிச்சமிருந்த போத்தலைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது. அவளுக்கு ஒன்றாவது வராமல் இருக்கக் கூடாதா என்று நான் மாதாவிடமே கேட்டிருக்கிறேன்.

இதில் வெட்கக்கேடான விசயம் என்னவென்றால், அவளால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. என் வேலை என்னிடம் இருந்தது, கடதாசிகள் சரியாக இருந்தன. கார்கள் நிறைய வந்தன, இரண்டு பேருக்கும் போதும் போதுமென்று வேலை. மணிக்கூடு வைக்கிற உரிமையும் என்னிடமே இருந்தது. அவள்தான் கயிற்றில் நடந்துகொண்டிருந்தாள். மாஸ்த்ரோவும் மனைவியும் மகளுடைய வீட்டோடு போகப் போகிறார்கள், கடதாசியில் அவளுக்கு இருந்த வீட்டு வேலை முடிகிறது. பட்டறையில் வேலை என்று மாஸ்த்ரோ கடிதம் தந்தால்தான் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அவளுடைய பெர்மெசோ, அதுதான் இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்கப்படும். அது புதுப்பிக்கப்பட்டால்தான் மொரீசியஸில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்த ஒன்பது வயது மகளைக் கூப்பிடலாம். குவெஸ்தூராவுக்குப் போக வேண்டிய நாள் அடுத்த செவ்வாய். மாஸ்த்ரோ கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். "நோத்தாயோவின் கார் நல்லபடியாகப் போகட்டும், கையெழுத்து வைக்கிறன்" என்று சொல்லியிருந்தார்.

நோத்தாயோ என்றால் சொத்துப் பத்திரங்கள் எழுதுகிற பெரிய மனிசர். கால்சா பகுதியில், கடலைப் பார்த்த பழைய மாளிகையில் இருந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம். செத்துப்போன தன் அப்பாவின் காரில்தான் மகள் கோயிலுக்குப் போகவேண்டும் என்று, கடல் உப்பில் வெடித்துப்போன காரை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். தோல் முழுக்கப் புதிதாக மாற்றலாம், பலகையைச் சுரண்டி மெருகேற்றலாம். மணிக்கூட்டை மட்டும் மாற்றக் கூடாது என்றார். அவருடைய அப்பா ஒவ்வொரு நாளும் கார் எடுக்க முன்னம் அந்த விளிம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாராம். அந்த வேலையில் தோல் பாதி என்னுடையது, பாதி லெச்சுமியுடையது. மணிக்கூட்டை ஓடவைக்கிற பொறுப்பு முழுக்க அவளுடையது.

காரைக் கொடுப்பதற்கு முதல் நாள் மத்தியானம். மாஸ்த்ரோ சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஒழுங்கையில் கடைகள் பூட்டியாயிற்று. நான் கதவின் உள்பலகைக்குத் தோல் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள் காற்றுத் துவக்கால் டக் டக்கென்று அடித்துவிட்டுப் போகிறீர்கள். அப்போது சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தச் சுத்தியல் முனையில் எடுத்து அடிப்போம். வாயில் ஆணி இருக்கும்வரை கதைக்க ஏலாது.

லெச்சுமி வந்து என் முன்னால் நின்றாள். ஒரு கையில் மணிக்கூட்டின் தங்க விளிம்பு, கழற்றியது. மங்கிப்போய், பழைய விரலடையாளங்களோடு இருந்தது. மற்றக் கையில் ஒரு உருண்டை புளி. இரவுக் கறிக்கென்று கபோவில் வாங்கி வைத்திருந்தது. விளிம்பைக் காட்டினாள், புளியைக் காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள். அவளுடைய ஊரில் கோயில் விளக்குகளைப் புளியும் உப்பும் போட்டுத்தான் மினுக்குவார்களாம். பித்தளை என்றால் நாங்கள் எல்லாரும் அப்படித்தானே செய்வோம். உங்கள் வீடுகளிலும் அதுதானே.

அந்த விளிம்பு பித்தளை இல்லை. ஏதோ ஒரு மட்டமான உலோகத்தின்மேல் மூச்சுவிட்டது மாதிரி பூசின தங்கம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நான் வந்த முதல் வருடம், ஒரு பெரிய வியாழனுக்கு முதல், கோயில் மெழுகுதிரிக் கால்களை மினுக்குகிற மாதிரியே தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் போட்டு ஒரு விளிம்பை உரித்திருக்கிறேன். அந்த முறை மாஸ்த்ரோ கத்தவில்லை. வேறொரு பழைய மணிக்கூட்டிலிருந்து விளிம்பைக் கழற்றிப் பூட்டிவிட்டு, "தங்கத்தைத் தேய்க்காதை, துடை" என்று மட்டும் சொன்னார். வெளியே ஒருவருக்கும் சொல்லவுமில்லை.

இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? கையில் ஆணிகளைத் துப்பிவிட்டு, "ஐயோ வேண்டாம்" என்று சொல்லுவது. அதற்கு ஒரு நொடி போதும். தலையை இடமும் வலமும் ஆட்டினாலும் போதும். அதற்கு ஆணியைத் துப்பவும் தேவையில்லை.

நான் அவளைப் பார்த்தேன். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன்.

அந்த "ம்" ஆணி அடிக்கிறபோது வருகிற சத்தம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட அப்படித்தான் சொன்னேன். பாதிரியாரும் பாவம், நம்பினார். அதற்கு ஓம் என்றுதான் அர்த்தம். அவள் என்னை நம்பிக் கேட்டாள், நான் ஓம் என்றேன்.

பின்பக்கக் குழாயடியில் தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது. நான் ஐந்து ஆணி அடித்தேன், ஐந்தும் நேராக இறங்கின. பிறகு தண்ணி நின்றது. சின்னதாக ஒரு சத்தம், ஆ என்றும் இல்லை, அழுகையும் இல்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. சந்தோசமாக இருந்தது. உனக்கும் ஒன்று வராது என்று தெரிந்துகொண்டாயா என்று மனதுக்குள் கேட்டேன். ஒரு நிமிடம் முழுக்க நான் அந்தச் சந்தோசத்தில் நின்றேன்.

லெச்சுமி உள்ளே வந்தாள். விளிம்பை என் மேசையில் வைத்தாள். பாதி தங்கம், பாதி ஈயப் பாத்திரத்தின் நிறம். அவள் அழவில்லை. என்னைக் குறைசொல்லவும் இல்லை. "நீங்கள் ஓம் எண்டனீங்கள்தானே" என்று கேட்பாள் என்று நான் ஒரு பதிலோடு ஆயத்தமாக இருந்தேன். அவளுக்கு அந்த நினைவே வரவில்லை. கைகளைத் துணியில் துடைத்தாள், மேலங்கியைப் போட்டாள், பையை எடுத்தாள்.

"எங்கை போறாய்?" என்று கேட்டேன். கேட்க முதல் ஆணிகளைத் துப்பினேன், பாருங்கள், அப்போது மட்டும் துப்ப வந்தது.

"மாஸ்த்ரோ வர முதல் போறன் அக்கா. அவருடைய முகத்தைப் பார்க்க ஏலாது."

"கடிதம்?"

"இனி எப்பிடிக் கேக்கிறது?"

"பிள்ளை?"

அவள் மேலங்கியின் பொத்தானைப் பிழையான துவாரத்தில் போட்டாள், கழற்றினாள், திரும்பவும் பிழையாகப் போட்டாள். வளைவில் ஆறு தையல் போடுகிற கை அது. அதைப் பார்த்தபோதுதான் நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். நான் கேட்டது அவளுடைய கை ஒரு தடவை தவறட்டும் என்பதுதான். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் போகட்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நான் சொன்ன "ம்" இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

"இரு," என்றேன். "கதவைப் பூட்டிக்கொண்டு இரு. நான் வாறன். ஒருத்தருக்கும் திறக்காதை."

விளிம்பைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். வியா மக்வேதாவைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரன் என் தாயை இழுத்துத் திட்டினான். கால்சாவில் ஒரு முலாம் பூசுகிறவர் இருந்தார். சொரூபங்களின் கிரீடங்களுக்கும் பூசைப் பாத்திரங்களுக்கும் தங்கம் போடுபவர். பங்குக் கோயில் பாத்திரங்களை நான்தான் அவரிடம் கொண்டுபோவேன். அவரும் படுத்திருந்தார். நான் கதவில் அடித்த அடியில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. தலைமயிர் கலைந்தபடி வந்து விளிம்பைப் பார்த்தார்.

"எந்தச் சொரூபத்தின்ரை?" என்று கேட்டார்.

"ஒரு காரின்ரை."

"காருக்கு நான் செய்யிறதில்லை."

"அந்தக் காரை நாளைக்குக் குடுக்கவேணும், அதிலை ஒரு பொம்பிளை கலியாணத்துக்குப் போறா. இது இல்லாட்டி இன்னொரு பொம்பிளை ஊருக்குப் போகவேண்டி வரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஏன் இப்பிடி வேர்த்துப்போய் நிக்கிறாய்? நீயா கெடுத்தனி?" என்றார். நான் விளிம்பை அவருடைய கைக்குள் அழுத்தினேன். இரண்டு மணித்தியாலம் அவருடைய வாசற்படியில் குந்தியிருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது ஆறு மணி. மாஸ்த்ரோ காருக்குள் இருந்தார். கதவு பூட்டியிருந்தாலும் அவரிடமும் திறப்பு இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. லெச்சுமி ஒரு மூலையில், மேலங்கியோடேயே நின்றாள். மாஸ்த்ரோ பலகையின் நடுவில் இருந்த வெறும் ஓட்டையில் விரலை விட்டபடி, "நாளைக்குப் பூட்டுற மணிக்கூடு எங்கை?" என்றார். அவள் வாயைத் திறந்திருக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. நான் கைலேஞ்சியை விரித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முலாம்காரர் நன்றாகத்தான் செய்திருந்தார், அளவுக்கு மிஞ்சி நன்றாக. பழைய காருக்குள் நேற்று வாங்கின மோதிரம் மாதிரி மினுங்கியது.

"ஆர்?" என்றார் மாஸ்த்ரோ. ஒரு சொல்தான்.

பிள்ளையள், லெச்சுமி உங்களுக்குச் சொன்ன கதையில் இந்த இடத்தில்தான் நீங்கள் கைதட்டினீர்கள். நான் "நான்தான்" என்றேன், அது உண்மை. ஏன் சொன்னேன் என்பதுதான் அப்போது அவளுக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. லெச்சுமி வாயைத் திறப்பதைக் கண்டேன். அவள் நேர்மையானவள், "நான்தான் தேய்ச்சன்" என்று சொல்லப் போகிறாள். உடனே மாஸ்த்ரோ, "இவளிடம் கேக்கேல்லையா?" என்று என்னைக் காட்டிக் கேட்பார். "கேட்டனான், ஓம் எண்டவ" என்று அவள் சொல்லுவாள். மாஸ்த்ரோவுக்கு என் பழைய விளிம்பு ஞாபகம் இருக்கிறது, தங்கத்தைத் தேய்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவும் ஒரு மின்னலில் என் மண்டைக்குள் ஓடியது. அவள் வாயை அடைக்கத்தான் நான் முந்தினேன். கெடுத்தவள் என்ற பேர் பரவாயில்லை, கெடுக்கவிட்டவள் என்ற பேர் வரக் கூடாது.

மாஸ்த்ரோ "இரண்டாம் தரம்," என்றார். லெச்சுமி திரும்பவும் வாயைத் திறந்தாள், நான் தலையை இடமும் வலமும் ஆட்டி அடக்கினேன். பிறகு அவர் விளிம்பைக் கொண்டுபோய் லெச்சுமியின் கையில் கொடுத்தார். "நாளைக்கு மணிக்கூட்டை இவள் வைப்பாள். இனி எப்பவும் இவள்தான் வைப்பாள்." இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை எடுத்து, நின்ற நிலையிலேயே கையெழுத்து வைத்தார்.

மற்றநாள் காலையில் நோத்தாயோ மகளோடு வந்தார். லெச்சுமி மணிக்கூட்டைப் பூட்டி நேரத்துக்கு வைத்தாள். அந்தப் புது மினுக்கத்தை இரவிரவாக என்ன செய்தாளோ தெரியாது, விளிம்பு பத்து வருடம் பழசாகியிருந்தது. நோத்தாயோ தன் அப்பாவைப் போல இரண்டு தட்டுத் தட்டினார். கண் கலங்கி, அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். நான் பின்னால் கூட்டுமாறோடு நின்றேன். முதல் நாள் நான் அவளுக்குச் செய்த அநியாயம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அந்தக் கைகுலுக்கல் என்னுடையது என்பதுதான் நெஞ்சில் எரிந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னை விடவில்லை. அக்கா எனக்காகப் பழி ஏற்றவ என்று பார்க்கிற ஆளுக்கெல்லாம் சொன்னாள். எங்கள் பூசைக்கு வருகிற பெண்கள், என்னைக் கண்டால் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் மகள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பிள்ளையை என் காலில் விழச் சொன்னாள். நான் காலை இழுத்துக்கொண்டேன், அதையும் அடக்கம் என்றார்கள். லெச்சுமி என்னிடமே தமிழ் பழகினாள், இரண்டு வருடத்தில் எங்கள் மன்னார்ப் பெட்டை மாதிரிக் கதைத்தாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கும், நான் கண்டிருக்கிறேன்.

இப்படியே காலம் போயிற்று. மாஸ்த்ரோ போய்ச் சேர்ந்தார், மகன் பட்டறையை எடுத்தார், நீங்கள் வந்தீர்கள். பிரியாவிடை அன்று அவள் எழும்பி அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. நான் வேலையை விட்டுப் போகிறேன், நீங்கள் அந்தக் கதையை வைத்துக்கொண்டு வேலை பழகப் போகிறீர்கள். எல்லாரும் போன பிறகு, கோப்பை கழுவுகிற இடத்தில் வைத்து அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும். புளியைக் கண்டது, தெரிந்திருந்தது, "ம்" என்றது, சந்தோசப்பட்டது, பழியை ஏன் ஏற்றேன் என்பது. மன்னித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.

அவள் குழாயைப் பூட்டினாள்.

"அக்கா, நான் ஒவ்வொரு செப்டம்பரும் சாந்தா ரொசாலியாவின்ரை கோயில் மலைக்கு நேர்த்தி வைச்சு வெறுங்காலோடை ஏறுறன், தெரியும்தானே?" என்றாள்.

"ஓம்."

"என்ரை பிள்ளைக்குக் கும்பிட முதல் உங்கடை பேரைச் சொல்லித்தான் கும்பிட்டனான். இத்தனை வருசமும். அதையெல்லாம் இப்ப நான் என்ன செய்யிறது?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம், முடிந்திருக்கும். அவள் கையைத் துடைத்துவிட்டு மேலங்கியைப் போட்டாள். பொத்தான்கள் ஒவ்வொன்றும் சரியான துவாரத்தில் விழுந்தன. போய்விட்டாள்.

அவள் உங்களோடு வேலைக்கு வருகிறாள் என்று கேள்விப்படுகிறேன். என் வீட்டுக்கு வருவதில்லை. நான் மூன்று தடவை அவளுடைய வீட்டுக்குப் போனேன். முதல் இரண்டு தடவையும் ஒருவரும் திறக்கவில்லை. மூன்றாம் தடவை மகள் திறந்து, "அம்மா வெளியிலை போயிட்டா" என்றாள். உள்ளே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, முகம் சிவந்துவிட்டது. "பரவாயில்லையம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். பக்கத்து மேசைக்காரர்மேல் உங்களுக்குப் பொறாமை வரும், வராது என்று நடிக்க வேண்டாம். அவருடைய தையலை எண்ணுங்கள், பின்னறைக்குப் போய் நில்லுங்கள், மாதாவிடம் முறையிடுங்கள், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் உங்களிடம் ஒன்று கேட்டால் மட்டும் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். அப்போது சொல்ல ஒரு நொடி. பிறகு சொல்ல எனக்கு அத்தனை வருடம் பிடித்தது, அதற்குள் அவள் வெறுங்காலோடு எவ்வளவு தூரம் ஏறிவிட்டாள்.

லெச்சுமிக்குத் தமிழ் கதைக்கத் தெரியுமே தவிர வாசிக்கத் தெரியாது. உங்களில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளை யாராவது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கேயாவது நான் என்னை நல்லவளாக எழுதியிருந்தால் அவள் பிடித்துவிடுவாள், அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். அவள் எழும்பிப் போனாலும் முழுக்க வாசியுங்கள், மற்றப் பிள்ளைகள் கேட்கட்டும். என்ன சொன்னாள் என்று எனக்கு வந்து சொல்ல வேண்டாம். திட்டுவதென்றால் அவளே வந்து திட்டட்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்தால் எங்கேயும் போவதில்லை, வீட்டில்தான் இருப்பேன்.